வேப்பமரத்தடிக்கு வராதவர்கள்

கேள்வி: ஐயா, நான் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஒன்றியத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களில் பிரஷர் உள்ளவர்கள் எத்தனை சதவீதம், அவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் என் தீசிஸ். கைடு, “384 பேர் எடு, சிம்பிள் ரேண்டம் சாம்ப்ளிங்னு எழுதிடு” என்று சொல்லிவிட்டார். வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்கா ஒருவர் உதவிக்கு வந்தார். நான்கு ஊர்களில் அங்கன்வாடி பக்கத்து வேப்பமரத்தடிக்கு ஆட்களை வரச் சொன்னார். 132 பேர் முடித்துவிட்டேன். இப்போது சீனியர் ஒருவர், “இது ரேண்டமே இல்லை, வைவாவில் மாட்டிக்கொள்வாய்” என்கிறார். என் தோழி ஒருத்தி திருநங்கையர் பற்றி ஆய்வு செய்கிறாள். ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் அடுத்தவர் என்று போகிறாள். அது சரியாம், என்னுடையது தப்பாம். 132 படிவத்தையும் தூக்கிப் போட வேண்டுமா? கையில் மூன்றரை மாதம்தான் இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

பதில்: தூக்கிப் போட வேண்டாம். ஆனால் உங்கள் சீனியர் சொன்னது சரி. அந்த 132 பேரை ரேண்டம் என்று எழுதினால் அது பொய். வைவாவில் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் பொய்தான்.

குழப்பம் ‘ரேண்டம்’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. பேச்சு வழக்கில் ‘ரேண்டமா நாலு பேரைக் கேட்டேன்’ என்றால் கண்ணில் பட்டவர்களைக் கேட்டேன் என்று பொருள். புள்ளியியலில் பொருள் நேர் எதிர். உங்கள் கண்ணுக்கும், அக்காவின் கண்ணுக்கும், அந்த ஆளின் விருப்பத்துக்கும் அங்கே வேலையே இல்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் தேர்வாக என்ன வாய்ப்பு என்று முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பராந்தகச் சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர்ச் சபைக்கு ஆளெடுக்க, ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். முதலில் யார் தகுதியானவர், யார் கூடாது என்ற நிபந்தனை; 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது 35-லிருந்து 70, கணக்குக் காட்டாதவர் கூடாது. அடுத்து பகுதி பிரித்தல். கடைசியில்தான் குலுக்கல். நம் தீசிஸ்களின் ‘முறையியல்’ அத்தியாயம் பலவற்றைவிட அது ஒழுங்காக இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது ஓலையை எடுக்கும் சிறுவன். யார் பெயர் எதில் இருக்கிறது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் ஆய்வில் அந்த இடத்தில் வி.எச்.என். அக்கா இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும்.

அக்காவைக் குறை சொல்லவில்லை. அவர் யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று யோசியுங்கள். சொன்னால் வருகிறவர்களை. காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவர்களை. மாத்திரை அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் பாட்டிகளை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்களின் பதிவேடு கையில் இருப்பதால், பெரும்பாலும் அந்தப் பதிவேட்டிலிருந்தே கூப்பிட்டிருப்பார்.

வராதவர்கள் யார்? கட்டட வேலைக்கும் மில்லுக்கும் போய்விட்ட ஆண்கள். நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள். டவுனில் தனியார் டாக்டரிடம் காட்டுகிறவர்கள். மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு, அக்கா கண்ணில் பட்டால் திட்டுவார் என்று ஒதுங்கிப் போகிறவர்கள். எல்லோருக்கும் மேலாக, தனக்குப் பிரஷர் இருப்பதே தெரியாதவர்கள். கையில் ஒரு முறைகூடப் பட்டை சுற்றிக்கொள்ளாத நாற்பது வயது டிராக்டர் ஓட்டுநரை எந்தப் பதிவேட்டில் தேடுவீர்கள்? உங்கள் கேள்விக்கான விடை பெருமளவு இவர்களிடம்தான் இருக்கிறது. இவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ‘கட்டுப்பாட்டில் உள்ளவர்கள்’ சதவீதம் அழகாக ஏறி நிற்கும். ஒன்றியமே ஆரோக்கியமாக இருப்பதாகத் தெரியும்.

இதே வழியில் 384 அல்ல, 3,840 பேரை எடுத்தாலும் இந்தக் கோணல் நிமிராது. 1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். டெலிபோன் புத்தகத்திலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் பெயர் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தத்தில் அடிபட்டவனிடம் இரண்டும் இருந்திருக்காது. அனுப்பியவர்களிலும் நாலில் ஒருவருக்குக் குறைவாகத்தான் பதில் போட்டார்கள்.

இனி உங்கள் தோழியின் விஷயம். இது நியாயமான கேள்வி. அவள் தேடும் மக்களுக்கு முழுமையான பட்டியல் எதுவும் கிடையாது. வீடு வீடாகப் போய்க் கேட்டால் சொல்லவும் மாட்டார்கள், கேட்பதே அவர்களுக்குத் தொல்லையாக முடியும். அங்கே ஒருவர் கைகாட்ட அடுத்தவரிடம் போவதுதான் வழி. பனிப்பந்து முறை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ‘ஆஸ்பத்திரியில் உங்களை எப்படி நடத்துகிறார்கள்’ என்பது அவள் கேள்வியானால், இருபது முப்பது பேரிடம் ஆழமாகப் பேசி, புதிதாக எதுவும் வராத கட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அவள் பக்கம் தப்பில்லை. ஆனால் அதே இருபத்தைந்து பேரை வைத்து ‘திருநங்கையரில் 64 சதவீதம் பேர்’ என்று எழுத ஆரம்பித்தால் உங்களைவிட மோசமாக மாட்டுவாள். ஒருவரின் நண்பர்கள் அவரைப் போலவே இருப்பார்கள் அல்லவா? சதவீதம் வேண்டுமென்றால் அதற்கென்று ஹெக்கதார்ன் 1997-இல் எழுதிய முறை இருக்கிறது. ஆளுக்கு மூன்று கூப்பன் போலக் கொடுத்து, அதற்கு மேல் யாரையும் அழைத்துவர விடாமல், ‘உங்களுக்கு இப்படி எத்தனை பேரைத் தெரியும்’ என்றும் கேட்டு, அதை வைத்து எடை போட்டுக் கணக்கிடுவது. எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுகளில் அதிகம் பயன்படுகிறது. அவளிடம் சொல்லிவையுங்கள்.

பங்கேற்பாளர்கள் குலுக்கலில் வராமலேயே உலகம் ஏற்றுக்கொண்ட ஆய்வும் உண்டு, அதுவும் நம் சென்னையில். 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 நோயாளிகள். அவர்களை யாரும் மக்கள்தொகையிலிருந்து குலுக்கி எடுக்கவில்லை; சிகிச்சைக்கு வந்த ஏழை நோயாளிகள்தான். ஆனால் யாருக்கு வீட்டிலேயே மருந்து, யாருக்கு சானடோரியத்தில் படுக்கை என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஓராண்டு முடிவில் வீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். காசநோய் சிகிச்சையின் போக்கே மாறியது. அவர்கள் கேட்டது ‘இதுவா, அதுவா, எது மேல்’ என்ற கேள்வி. நீங்கள் கேட்பது ‘ஊரில் எத்தனை பேர்’. முதல் கேள்விக்குப் பிரித்துக் கொடுப்பதில் குலுக்கல் வேண்டும், இரண்டாவதற்குத் தேர்ந்தெடுப்பதில் வேண்டும். வைவாவில் இந்த இரண்டையும் குழப்பிக் கேட்பார்கள், கேட்பவர்களே சில சமயம் குழம்புவார்கள். தயாராகப் போங்கள்.

சரி, உங்களுக்கு என்ன வழி? இரண்டு வழி சொல்கிறேன்.

முதல் வழி, ஒன்றியம் முழுவதையும் விடாமல் வைத்துக்கொள்வது. அப்போது ‘சிம்பிள் ரேண்டம்’ நடக்காது. அதற்கு முழு ஒன்றியத்துக்கும் 30 வயதுக்கு மேற்பட்டவர்களின் சரியான பட்டியல் வேண்டும். வாக்காளர் பட்டியலில் வயதும் வீட்டு எண்ணும் இருக்கும், ஆனால் சென்னைக்குக் குடிபோனவரும் செத்துப்போனவரும்கூட இருப்பார்கள். வடக்கிலிருந்து செங்கல் சூளைக்கு வந்தவர் இருக்க மாட்டார். அதனால் முதலில் ஊர்களை எடுங்கள், பிறகு வீடு, பிறகு ஆள். தேசிய குடும்ப நல ஆய்வும் இப்படித்தான் செய்கிறது. 2019-21 ஆய்வில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்கே வீடுகளைப் பட்டியல் போட்டு, ஊருக்கு 22 வீடு எடுத்தார்கள்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது இப்படி. எண்கள் நானாக எழுதியவை. ஒன்றியத்தின் மக்கள்தொகை 60,000, உங்களுக்கு 30 கொத்துகள் (கொத்து என்பது ஓர் ஊரில் சேர்த்து எடுக்கும் வீடுகளின் குழு) வேண்டும். 60,000-ஐ 30-ஆல் வகுத்தால் இடைவெளி 2,000. குக்கிராமங்களை வரிசையாக எழுதி மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். முதல் ஊர் 820. இரண்டாவது 1,540, கூட்டினால் 2,360. மூன்றாவது 460, கூட்டினால் 2,820. நான்காவது பெரிய ஊர், 2,950, கூட்டினால் 5,770. இப்போது பர்ஸிலிருந்து ஏதாவது ஒரு நோட்டை எடுத்து வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2,000-க்கு மேல் இருந்தால் வேறு நோட்டு. 1347 வந்தது என்று வைப்போம். 1,347 இரண்டாவது ஊருக்குள் விழுகிறது, அது தேர்வு. 2,000 கூட்டினால் 3,347, நான்காவது ஊர். இன்னும் 2,000, 5,347. மறுபடியும் நான்காவது ஊர். இங்கேதான் எல்லோரும் கையை வைத்துக் கெடுப்பார்கள், ‘ஒரே ஊர் இரண்டு தடவையா’ என்று அதை விட்டு அடுத்ததற்குத் தாவுவார்கள். தாவாதீர்கள். பெரிய ஊரில் ஆள் அதிகம், அதனால் அங்கே இரண்டு கொத்து. மூன்றாவது ஊர் விடுபட்டதே என்று பரிதாபப்பட்டும் சேர்க்காதீர்கள்.

தேர்ந்தெடுத்த ஊருக்குள் போன பிறகுதான் உண்மையான வேலை. ஒரு காலத்தில் தடுப்பூசி ஆய்வுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் 30-க்கு 7 முறை எங்கும் இருந்தது; 30 கொத்து, கொத்துக்கு 7 குழந்தை, மொத்தம் 210. ஊரின் நடுவில் நின்று பாட்டிலைச் சுழற்றி, அது காட்டும் திசையில் போய் ஒரு வீட்டைக் குலுக்கலில் பிடித்து, அங்கிருந்து அடுத்தடுத்த வீடு. விரைவான, மலிவான முறை. ஆனால் நம் ஊர்களில் ‘ஊரின் நடு’ எது? யாரைக் கேட்டாலும் கோயில் முன்னாடியோ கடைத்தெருவிலோ கொண்டுபோய் நிறுத்துவார்கள். காலனி அரை கிலோமீட்டர் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும். பாட்டில் எத்தனை முறை சுற்றினாலும் அங்கே எட்டுவது அபூர்வம். தோட்டத்து வீடுகளும் அப்படியே. உலக சுகாதார நிறுவனமே பின்னர் 2018 கையேட்டில் பட்டியல் போட்டு முறையாக எடுக்கும் வழிக்கு மாறிவிட்டது. ஆகவே நடந்து போய் எல்லா வீட்டையும் எண்ணுங்கள். ஊர், காலனி, தோட்டம், சூளைக் கொட்டகை எல்லாம். சாக்பீஸால் வாசலில் எண் போடுங்கள். 204 வீடு வந்து 17 வேண்டுமென்றால் 12 வீட்டுக்கு ஒன்று. 1-லிருந்து 12-க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி அதில் தொடங்குங்கள்.

வீட்டுக்குள் யாரைக் கேட்பது? கதவைத் திறந்தவரை அல்ல. 30 வயதுக்கு மேற்பட்ட எல்லோர் பெயரையும் வயது வரிசையில் எழுதி, சீட்டுக் குலுக்கி ஒருவரை எடுங்கள். கிஷ் என்பவர் 1949-இல் இதற்கென்றே ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார், அதையும் பயன்படுத்தலாம். வீட்டில் தகுதியானவர்கள் எத்தனை பேர் என்று படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். தனியாக இருக்கும் பாட்டி தேர்வாவது உறுதி. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு ஐந்தில் ஒரு வாய்ப்புதான். கணக்குப் போடும்போது அந்த எண்ணிக்கையால் எடை கொடுக்க வேண்டும், அதாவது ஐந்து பேர் வீட்டில் கிடைத்தவரை ஐந்து பேராகக் கணக்கிட வேண்டும்.

பூட்டிய வீடு. நான் களத்தில் மேற்பார்வை பார்த்த ஆரம்ப நாட்களில் ஒரு ஆய்வில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஊரின் 30 படிவங்களைப் புரட்டினேன். 26 பெண்கள். நேரம் எல்லாவற்றிலும் பத்தரையிலிருந்து ஒன்றுக்குள். கணக்கெடுத்த பையனைக் கேட்டால், “பூட்டியிருந்துச்சு சார், அதான் பக்கத்து வீடு எடுத்தேன்” என்றான். அவனுக்கு அது தப்பு என்றே தெரியாது. பயிற்சியில் நாங்கள் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வீடு பகலில் பூட்டித்தான் இருக்கும். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகத் திறந்த வீட்டை எடுத்தால் வேலைக்குப் போகாதவர்களாகச் சேரும். அந்த ஊரை முழுக்கத் திரும்பச் செய்தோம். மூன்று முறை போங்கள், ஒரு முறையாவது மாலை ஆறு மணிக்கு மேல், ஒரு முறை ஞாயிறு. அப்படியும் கிடைக்கவில்லை என்றால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி விட்டுவிடுங்கள்.

384 எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்களா? 1.96-இன் வர்க்கத்தை 0.5-ஆலும் 0.5-ஆலும் பெருக்கி, 0.05-இன் (விடை 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பது) வர்க்கத்தால் வகுத்தால் 384. எந்தத் தலைப்புக்கும் இதே எண்ணைப் போடுவது நம் கல்லூரிகளில் பழகிப்போய்விட்டது. உங்களுக்கு அதில் இரண்டு சிக்கல். ஒன்று, கட்டுப்பாட்டுச் சதவீதத்துக்கான ஆட்கள் பிரஷர் உள்ளவர்கள் மட்டுமே. பத்தில் மூன்று பேருக்கு இருப்பதாக வைத்தால் 384 பேரில் 115 பேர்தான் அந்தக் கணக்குக்குத் தேறுவார்கள். இரண்டு, ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள். ஒரே கடை ஊறுகாய், ஒரே துணை சுகாதார நிலையம். ஆகவே கொத்தாக எடுத்தால் ஆள் கூடுதலாக வேண்டும். 10 சதவீதம் முன்பின் போதும் என்று ஒப்புக்கொண்டால், அதே கணக்கில் 0.05-க்குப் பதில் 0.1 போட, பிரஷர்காரர்கள் 96 பேர். ஊருக்கு நாலைந்து பேர் என்று கொண்டு, ஒரே ஊர்க்காரர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று காட்டும் ஒற்றுமை எண் 0.1 என்றால், கொத்தாக எடுப்பதற்கான பெருக்கம் 1.35 மடங்கு. 130 பேர் வேண்டும். அதற்கு மொத்தம் சுமார் 435 பேரைப் பார்க்க வேண்டும். கிடைக்காதவர்களையும் சேர்த்தால் 30 ஊரில் ஊருக்கு 17 வீடு, 510. ஊருக்கு இரண்டு நாள் என்றால் 60 நாள். துணைக்கு ஆள் இருந்தால் முடியும். தனியாக முடியாது.

அதனால் இரண்டாவது வழி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன். ஒன்றியத்தை விடுங்கள். ஒரே ஒரு துணை சுகாதார நிலையப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் அதற்கு 5,000 பேர் என்பது அரசின் அளவுகோல். அக்காவின் குடும்பப் பதிவேட்டை வாங்கி, நேரில் நடந்து போய் விடுபட்ட வீடுகளைச் சேர்த்து, 30 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தொடர் எண் கொடுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து 360 பேரைக் கணினியில் குலுக்கி எடுங்கள். கொத்துப் பெருக்கம் இல்லை, வீட்டு எடை இல்லை. 320 பேர் கிடைத்தாலே 96 பிரஷர்காரர்கள் வந்துவிடுவார்கள். உங்கள் கைடு சொன்ன ‘சிம்பிள் ரேண்டம்’ அப்போது உண்மையாகவே ஆகிவிடும், அவரோடு சண்டையும் வேண்டாம். முடிவு அந்த 5,000 பேருக்கு மட்டும்தான் பொருந்தும் என்று எழுத வேண்டியிருக்கும். எழுதினால் என்ன? ‘ஒன்றியம்’ என்று தலைப்பில் போட்டுவிட்டு நான்கு வேப்பமரத்தடியைக் காட்டுவதைவிட அது மேல்.

பேட்டி எடுக்கும்போது மட்டும் அக்கா பக்கத்தில் நிற்க வேண்டாம். மாத்திரை கொடுத்தவர் எதிரிலேயே “நான் சாப்பிடறதில்லை” என்று யார் சொல்வார்கள்? வழிகாட்ட வரட்டும், வாசலோடு நிற்கட்டும்.

இப்போது அந்த 132. புதிய கணக்கோடு சேர்க்கவே கூடாது. கேள்வித்தாளில் எந்தக் கேள்வி புரியவில்லை, ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க முன்னோட்டமாக வைத்துக்கொள்ளலாம். இன்னொரு யோசனையும் இருக்கிறது. ‘அழைத்தால் வந்தவர்கள்’ என்று தனி அட்டவணை போட்டு, குலுக்கலில் வந்தவர்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆண் எத்தனை, வேலைக்குப் போகிறவர் எத்தனை, கட்டுப்பாடு எத்தனை என்று இரண்டையும் எதிரெதிரே காட்டினால், இரண்டும் வேறு வேறு பகுதி என்ற குறிப்போடு, உங்கள் தீசிஸில் தேர்வாளர் நின்று படிக்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், தேர்வு முறையும் பகுதியும் மாறுவதால் உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தக் கடிதம் கொடுக்க வேண்டும். இந்த வாரமே கொடுங்கள், குழு கூடுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். அந்த 132 பேரையும் எப்படி எடுத்தீர்கள் என்று கடிதத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ‘கிராம சுகாதார செவிலியர் அழைத்து, காலை நேரத்தில் அங்கன்வாடிக்கு வந்தவர்கள்’ என்ற ஒரே வரி போதும். கைடிடம் போகும்போது 96-க்கான கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துப் போங்கள், வாயால் சொல்ல வேண்டாம்.